புகைத்தாள் அச்சு: ஜான் கேஜ் காட்டிய வழி, மலை ஈரத்துக்கு ஏற்றபடி

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் (1912–1992) 1978இல், 65 வயதில், செப்புத்தகட்டு அச்சுக்கலைக்குள் வந்தார். கலிஃபோர்னியாவின் கிரவுன் பாயின்ட் பிரஸ் என்ற அச்சுக்கூடத்தை நடத்திவந்த கேத்தன் பிரவுன் அவரை அழைத்திருந்தார். அதன்பின் சாகும்வரை அநேகமாக ஆண்டுதோறும் அங்கே போய் வேலை செய்தார். அங்கே அவர் செய்தவற்றில் பெரிய கருவிகள் இல்லாமல் நாமும் செய்து பார்க்கக்கூடியது புகைத்தாள் அச்சு. அச்சுப்பொறியின் படுக்கையில் செய்தித்தாளைப் பரப்பிக் கொளுத்தி, எரிகிற நெருப்பின்மேல் நனைந்த தாளை வைத்து, உருளைக்கு அடியில் ஓட்டி நெருப்பை அணைப்பது. தாளில் புகை தங்கிவிடும். அதன்மேல் காய்ச்சிய இரும்பால் வளையத் தழும்பு போடுவார். ஓர் இரும்புத் தேநீர்க் கெண்டியின் அடிப்பாகம்கூட இதற்குப் பயன்பட்டது. 1986இல் வந்த ‘எனின்கா’ என்ற வரிசை இப்படி உருவானது.

இதை ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ செய்யும்போது சமவெளியில் இல்லாத ஒரு தொல்லை சேர்கிறது: காற்றிலேயே நீர். மலையில் இந்த வேலை கெடுவதற்குப் பெரும்பாலும் நெருப்பு காரணமில்லை, ஈரம்தான் காரணம். கீழே வரும் அளவுகள் அதைக் கணக்கில் எடுத்தவை.

முதலில் கேள்விகள்

கேஜ் தன் இசையில் 1951 முதல் ‘ஐ சிங்’ என்ற சீனப் பழநூலின் 64 வடிவங்களைக் காசு சுண்டித் தேர்ந்தெடுத்து, அவை சொன்னபடி சுரமும் கால அளவும் எழுதினார். அச்சிலும் அதே முறைதான். “கையில் வந்ததைப் போடுவது” என்று இதை நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அது தவறு. எதை எல்லாம் காசு தீர்மானிக்கும் என்று முதலில் எழுதிவைக்க வேண்டும்; காசு சொன்ன பிறகு பேரம் கூடாது. “இந்த வளையம் மூலைக்குப் போகிறதே, நடுவில் வைத்தால் அழகாயிருக்குமே” என்று நகர்த்தினால் அது வெறும் அலங்காரம். கேள்விகள் சோம்பலாக இருந்தால் அச்சும் சோம்பலாகத்தான் வரும்.

சீன முறையில் மூன்று காசு. நமக்கு ஒரே ஒரு ரூபாய்க் காசு போதும், பூவா தலையா போடத் தெரிந்தால் போதும். சிங்கமுகம் தலை, எண் உள்ள பக்கம் பூ. ஆறு முறை சுண்டுங்கள். வரிசையாக 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. தலை விழுந்தால் அந்த மதிப்பைக் கூட்டுங்கள், பூ விழுந்தால் விடுங்கள். கடைசியில் 1 சேருங்கள். தலை, பூ, பூ, தலை, தலை, பூ விழுந்தால் 32 + 4 + 2 = 38, கூட 1, ஆக 39. எல்லா எண்ணும் 1க்கும் 64க்கும் நடுவில் விழும், ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு சமம்.

எண்ணை விடையாக மாற்ற ஓர் அட்டவணை வேண்டும். நெருப்பை எத்தனை விநாடி எரிய விடுவது என்ற கேள்விக்கு ஆறு விடைகள் வைத்தால் 64ஐ ஆறாகச் சமமாகப் பங்கிட முடியாது. நான்கு விடைகளுக்குப் பதினொன்று, இரண்டுக்குப் பத்து என்று பிரியுங்கள்: 1–11 என்றால் 4 விநாடி, 12–22 என்றால் 6, 23–33 என்றால் 8, 34–44 என்றால் 10, 45–54 என்றால் 12, 55–64 என்றால் 15. மேலே வந்த 39க்கு 10 விநாடி.

இடம் குறிக்க இன்னும் எளிது. தாளை எட்டுக்கு எட்டாக 64 கட்டமாகப் பிரியுங்கள். முதல் மூன்று சுண்டல் வரிசையைச் சொல்லும், அடுத்த மூன்று பத்தியைச் சொல்லும். அதே 39க்கு மேலிருந்து ஐந்தாம் வரிசை, இடமிருந்து ஏழாம் கட்டம். 22 × 30 அங்குலத் தாளில் பாதியை எடுத்தால் (15 × 22) ஒரு கட்டம் கிட்டத்தட்ட 2 அங்குலத்துக்கு 2¾ அங்குலம். தாளில் கோடு போட வேண்டாம். மரச்சட்டத்தில் ஆணியடித்து நூல் கட்டி மேலே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தாளுக்கும் கேட்கவேண்டியவை: செய்தித்தாள் எத்தனை விரிப்பு (2 முதல் 5), எந்த மூலையில் தீ வைப்பது, எத்தனை விநாடி, தாளில் இலை வைப்பதா இல்லையா, எத்தனை வளையம், எந்த அளவு வளையம், எந்தக் கட்டம், எத்தனை விநாடி அழுத்துவது. எல்லாவற்றையும் முதல்நாள் இரவே சுண்டி, தாளுக்கு ஒரு சீட்டு என்று எழுதிவிடுங்கள். நெருப்பு எரியும்போது காசு சுண்ட நேரமிருக்காது. இசைக்காரர்களுக்கு இந்தச் சீட்டு பழக்கமானதுதான். வாசிப்பதற்கு முன்னால் எழுதிவைக்கும் உருப்படி மாதிரி.

தாள்

பருத்திக் கந்தலில் செய்த கையால் வார்த்த தாள், 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை). புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதம் நன்றாகத் தாங்கும். மரக்கூழில் செய்த சார்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம்: நனைந்தால் சதையாகப் பிரியும், சூடு பட்டால் விளிம்பு நொறுங்கும். கேஜ் பயன்படுத்தியது ஜப்பானிய ‘கம்பி’ (gampi) என்ற மெல்லிய தாள், அதைப் பிறகு தடித்த தாளில் ஒட்டினார்கள். அதற்கு ஈடாக நேபாளத்து லோக்தா தாளை எடுக்கலாம். நார் நீளம், நனைந்தாலும் கிழியாது. முதல் சில அச்சுகளுக்குத் தடித்த தாளே போதும்.

நனைப்பதுதான் பாதி வேலை. 300 ஜிஎஸ்எம் அரைத்தாள் உலர்ந்த நிலையில் 64 கிராம் சுமார் இருக்கும். தட்டில் 15 நிமிடம் முழுகவைத்து, எடுத்து நீர் வடியவிட்டு, பழைய பருத்தித் துண்டுகளுக்கு நடுவே வைத்து உருட்டுக்கட்டையால் ஒற்றுங்கள். சமையலறைத் தராசில் 95 கிராம் அளவில் வந்து நிற்க வேண்டும், உலர் எடையில் ஒன்றரை மடங்கு. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், பளபளப்பு இருக்காது. பளபளத்தால் நீர் அதிகம். நீர் அதிகமானால் ஆவி நெருப்பைச் சீக்கிரமே கொன்றுவிடும், புகைக்கு முன்னால் நீர்க்கறை வளையம் பதியும். 80 கிராமுக்குக் கீழே போனால் ஓட்டை விழும்.

நனைத்த தாள்களை பிளாஸ்டிக் விரிப்பில் பொதிந்து ஓரிரவு வைத்தால் ஈரம் சமமாகப் பரவும். ஓரிரவு மட்டும். மழைக்கால மலையில் மூன்றாம் நாள் சாம்பல்நிறப் பூஞ்சைப் புள்ளி வந்துவிடும். வந்த பிறகு துடைத்துப் பயனில்லை.

செய்தித்தாள் இதற்கு நேர்மாறாக, மொறுமொறுப்பாக உலர்ந்திருக்க வேண்டும். வரவேற்பறையில் கிடந்த பழைய பேப்பர் மலையில் ஒருபோதும் உலர்ந்தது அல்ல. அதைக் கொளுத்தினால் சுடராக எரியாமல் கனன்று புகையும். அந்தப் புகையின் தார் தாளில் பிசுபிசுத்த மஞ்சளாக ஏறும், பத்துத் தாளும் ஒரே மஞ்சளில் வரும். தகரப் பெட்டியில் போட்டு இரண்டு மணிநேரம் வெயிலிலோ கணப்பு அடுப்பு மேட்டிலோ வையுங்கள். கசக்கினால் சரசரவென்று சத்தம் வர வேண்டும். மெத்தென்று மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. வார இதழ்களின் வழுவழுத் தாளில் களிமண் பூச்சு உண்டு. நன்றாக எரியாது, நாற்றமடிக்கும், ஒதுக்குங்கள்.

உருளையும் படுக்கையும்

செப்புத்தகட்டு அச்சுப்பொறி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெல்டிங் பட்டறையில் இரண்டு பொருள் செய்துகொள்ளலாம். படுக்கைக்கு 2 × 3 அடி, 6 மிமீ கனத்தில் எம்எஸ் (சாதாரண இரும்பு) தகடு. 26 கிலோ இருக்கும், சிமென்ட் தரையில் கிடத்தினால் அசையாது. உருளைக்கு 6 அங்குலக் குழாய் இரண்டரை அடி வெட்டி, நடுவில் அச்சுக்கம்பி செருகி, கான்கிரீட் நிரப்பி ஒரு வாரம் நீர் தெளித்து ஆறவிடுங்கள். எல்லாம் சேர்ந்து 50 கிலோவுக்கு அருகில் வரும். இருபுறமும் இருவர் பிடித்து உருட்டலாம். இந்த அழுத்தத்தில் தகட்டில் செதுக்கிய நுண்கோடுகள் அச்சாகாது, புகைக்குப் போதும்.

மேலே போட இரண்டு கம்பளி, சுத்தமான கம்பளியாகவே இருக்க வேண்டும். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ஓரத்தில் ஓர் இழை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகிய வாடை வந்து, விரலில் தேய்த்தால் சாம்பல் பொடியானால் கம்பளி. உருகி, ஆறியதும் கறுத்த மணியாகக் கெட்டிப்பட்டால் அக்ரிலிக். நெருப்பின்மேல் அது உருகித் தாளோடு ஒட்டும், கையில் பட்டால் ஆழமாகச் சுடும். தாளைத் தொடும் கம்பளியை இலேசாக நனைத்துப் பிழியுங்கள், மேல்கம்பளி உலர்ந்தே இருக்கட்டும்.

தீ வைப்பது

மூன்று பேர் வேண்டும்: ஒருவர் கொளுத்த, ஒருவர் தாளும் கம்பளியும் போட, ஒருவர் கடிகாரம் பார்த்து விநாடியை உரக்கச் சொல்ல. போட்டவரும் கொளுத்தியவரும் பிறகு உருளையைப் பிடிப்பார்கள்.

சீட்டில் சொன்ன எண்ணிக்கையில் செய்தித்தாளை விரித்து, ஒருமுறை இலேசாகக் கசக்கி மறுபடி பிரித்துப் படுக்கையில் பரப்புங்கள். கசக்காமல் பரப்பினால் அடிவிரிப்புக்குக் காற்று போகாது, எரியாது. மிகவும் கசக்கினால் மேடு மேடாக நின்று, அந்த மேடுகள் தாளைத் துளைக்கும். இரண்டு விரலுக்கு மேல் எழும்பக்கூடாது.

மூலையில் தீக்குச்சி. சுடர் படுக்கையில் பாதிவரை ஓடியதும் விநாடி எண்ணத் தொடங்குங்கள், பற்றவைத்த கணத்திலிருந்து அல்ல. எண்ணிக்கை முடிந்ததும் தாளை இரு எதிர்மூலைகளில் பிடித்து, நடுவயிறு முதலில் படும்படி இறக்கி விடுங்கள். உடனே நனைந்த கம்பளி, மேல்கம்பளி, உருளை. முதல் ஓட்டம் வேகமாக, ஐந்தாறு விநாடியில் மறுமுனை. திரும்பும் ஓட்டம் மெதுவாக. காற்று போகாததாலும் ஆவி எழுவதாலும் நெருப்பு அணைகிறது. ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் வந்து அடங்கும்; கம்பளி ஓரத்தில் வெள்ளாவி வரும்.

உடனே தூக்க ஆசையாக இருக்கும். தூக்காதீர்கள். அடியில் கனல் மிச்சமிருந்தால் காற்று பட்டதும் தாள் பற்றும். ஒரு நிமிடம் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். செம்புள்ளி தெரிந்தால் மூடி மறுபடி உருட்டுங்கள்.

எடுத்த தாளில் இப்படியெல்லாம் பார்ப்பீர்கள்: சுடர் இருந்த இடத்தில் சாம்பல் கறுப்பு, புகை தங்கிய இடத்தில் தேன்நிறம் முதல் காப்பி நிறம் வரை, சாம்பல் ஒட்டிய இடத்தில் வெளிறல். எரியாமல் மிஞ்சிய செய்தித்தாளின் மை ஈரத்தாளில் ஒற்றியிருக்கும். ஒரு வரன் விளம்பரமோ தங்க விலையோ தலைகீழ்க் கண்ணாடி எழுத்தில், ‘கொ’வின் கொம்பு வலப்பக்கம் திரும்பி, கறையினூடே பாதி தெரியும். அதை அழிக்க வேண்டாம். ஒட்டிய சாம்பலை மட்டும் தாள் முழுதும் உலர்ந்தபின் ஆட்டுமுடித் தூரிகையால் தட்டி எடுங்கள். ஈரத்தில் தேய்த்தால் நிரந்தரக் கரியாகிவிடும்.

தாளில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகவே நின்றால் படுக்கைத் தகடு வளைந்திருக்கிறது அல்லது கம்பளி மடிந்திருக்கிறது. வெள்ளை தாறுமாறாக இருந்தால் காற்று அடித்துச் சுடரை ஒதுக்கியிருக்கிறது.

இலை வைக்கும் சீட்டு வந்தால், தாளை இறக்கும் முன் அதன் அடியில் இலையை ஈரத்தோடு ஒட்டிவிடுங்கள். இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். சாலையோரப் பெரணி இதற்கு மிக நல்லது. உண்ணிச்செடி இலையும் சரி. பச்சைத் தேயிலை நீரைக் கக்கி ஈரத்திட்டு உண்டாக்கும். பைன் ஊசியின் பிசின் தார்ப்பொட்டாக ஒட்டும். கற்பூரமர (யூகலிப்டஸ்) இலை கூடவே கூடாது: அதிலிருந்துதான் தைலம் காய்ச்சுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள், குப்பென்று முகத்துக்கு எழும். சோலைக்காட்டில் எதையும் பறிக்க வேண்டாம்.

வளையத் தழும்பு

2, 3, 4 அங்குல விட்டத்தில் இரும்புக் குழாய்த் துண்டு, சுவர்க்கனம் 5 மிமீக்குக் குறையாமல், நீண்ட கைப்பிடிக் கம்பியோடு பற்றவைத்து வாங்குங்கள். மெல்லிய குழாய் தாளைத் தொட்டதுமே ஆறிவிடும். ஒரு எச்சரிக்கை: காய்ச்சும் இரும்பு ஜிஐயாக இருக்கக்கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையாகும். மூச்சில் போனால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். உருளைக்கு ஜிஐ குழாய் பரவாயில்லை, அது நெருப்பைத் தொடாது.

கரி அடுப்பில் காய்ச்சுங்கள். சூட்டைக் கண்ணால் அளக்க ஒரு வழி உண்டு. வளையத்தின் பக்கவாட்டில் ஓரிடத்தை எமரித் தாளால் பளபளப்பாகத் தேய்த்துவிடுங்கள். சூடு ஏறும்போது அந்த இடம் முதலில் வைக்கோல் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். நீலம் சுமார் 300 டிகிரி. அங்கே எடுத்து 1 முதல் 4 விநாடி வைத்தால் இளம்பழுப்பு முதல் கரும்பழுப்பு வரை கிடைக்கும். ஒவ்வொரு முறையும் மறுபடி தேய்த்தால்தான் அடுத்த நிறம் தெரியும். இரும்பு செக்கச்செவேல் என்று இருந்தால் வட்டமாகத் தாள் கழன்று விழும்.

நீலகிரியில் இசையும் இரும்பும் ஒரே கையில் இருந்த மரபு பழையது: தோடர், படகர் ஊர்களுக்கு வாசித்தவர்களும் அரிவாள் அடித்துக் கொடுத்தவர்களும் கோத்தர்களே. கொல்லுவேலை தெரிந்த ஒருவர் அருகிலிருந்தால் சூட்டின் நிறம் பார்ப்பதை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். எழுதி விளக்குவதைவிட அரைமணி நேரப் பார்வை மேல்.

ஈரத்தாளில் தழும்பு போட்டால் ஓரம் மங்கி, சுற்றிலும் வெளிறிய ஒளிவட்டம் வரும். ஆவி சூட்டைத் தின்றுவிடுவதால் நேரமும் இரட்டிப்பாகும். உலர்ந்த தாளில் கோடு கூர்மை. இரண்டும் நல்லதுதான், ஈரமா உலர்வா என்பதையும் காசிடமே கேட்டுவிடலாம். தாளின் அடியில் தகடு இருக்கக்கூடாது, அது சூட்டை இழுக்கும். பலகைமேல் நாலு மடிப்பு பருத்தித் துணி வைத்து அதன்மேல் தாள்.

வளையம் பிடிக்காதவர்கள் கல்லைச் சுற்றிப் பென்சில் ஓட்டலாம். கியோட்டோவின் ரியோவான்ஜி தோட்டத்தில் 15 கற்கள் உண்டு. 1983இல் கேஜ் 15 கற்களை எடுத்து, காசு சொன்ன இடங்களில் வைத்து, செப்புத்தகட்டில் ஊசியால் சுற்றிக் கீறினார். ஒரு அச்சில் 15இன் மும்மடங்கு, அதாவது 15 × 15 × 15 ஆக 3,375 கல்வட்டம். புகைத்தாளில் 4பி பென்சிலால் பதினைந்து வட்டமே கண்ணை நிறைக்கும்.

ஒட்டுவது, உலர்த்துவது

லோக்தாவில் புகையேற்றியிருந்தால் தடித்த தாளில் ஒட்ட வேண்டும். ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு நீர், கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோலத் தெளியும்வரை சிறு தீயில் கிளறி, துணியில் வடிகட்டுங்கள். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். இங்கே வேண்டாம், பச்சைச் சாயல் இறங்கும், தாளும் நாளடைவில் பலவீனப்படும். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே காய்ச்சுங்கள்.

உலர்த்த வெயில் தேடாதீர்கள், தாள் சுருண்டுகொள்ளும். உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, பலகை போட்டு, மேலே நாலு செங்கல். ஜனவரி முதல் மார்ச்வரை இரண்டு நாளில் உலர்ந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் ஊட்டிப்பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் ஒரு வாரம் ஆகும். காலை மாலை உறிஞ்சுதாளை மாற்றியே தீர வேண்டும். மாற்றிய தாளை அடுப்பங்கரையில் காயப்போட்டு மறுபடி பயன்படுத்தலாம். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியாத அன்று உலர்ந்துவிட்டது என்று பொருள்.

எது வசதியான காலம் என்றால் ஜனவரிதான், ஆனால் பிப்ரவரி தொடங்கிக் கோடைமழை வரும்வரை காட்டுத்தீக் காலம். அந்த மாதங்களில் திறந்தவெளியில் இந்த வேலையே வேண்டாம். மற்ற காலத்திலும் மூன்று பக்கம் சுவருள்ள சிமென்ட் முற்றம், காற்று எழும்முன் காலை நேரம், இரண்டு வாளி நீர், நனைத்த கோணிச்சாக்கு, பருத்தி உடை. கற்பூரமரம், பைன், காய்ந்த புல்மேடு எதற்கும் அருகில் கூடாது. கருகிய செய்தித்தாள் துணுக்கு வெகுதூரம் பறக்கும்.

ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதிதான், எனவே பென்சிலில் 1/1. பின்பக்கம் அந்தத் தாளின் காசு எண்களை எழுதிவிடுங்கள். புகையின் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் ஏறும், ஆகையால் நடுவே அமிலமற்ற தாள் வையுங்கள். சட்டம் போட்டால் கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். தகரப் பெட்டியில் வைத்தால் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. புகைவாடை சில வாரத்துக்குப் போகாது, அது கெட்டதற்கு அறிகுறியில்லை.

வேலை முடிந்ததும் படுக்கைத் தகட்டைச் சுரண்டித் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். மூடுபனியில் ஓரிரவு போதும், துரு பிடித்துவிடும். அடுத்தமுறை தாள் வைப்பதற்கு முன் வெறும் செய்தித்தாளை இரண்டு தடவை அதன்மேல் எரித்து எண்ணெயைப் போக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் தாளில் எண்ணெய்க்கறைதான் அச்சாகும்.